விளம்பரப் படம் எடுக்கப் போகும் வணிகருக்குச் சில தொழிற்சொற்கள்

ஒரு காலத்தில் தீபாவளி விளம்பரம் என்றால் சிவகாசியில் அச்சடித்த ஒரு காலண்டர், ஒரு நோட்டீஸ், ஊர்த் திரையரங்கில் ஒரு சிலைடு. அத்துடன் வேலை முடிந்தது. இன்று உள்ளூர் கேபிள், யூடியூப், வாட்ஸ்அப் என்று மூன்று நான்கு இடங்களுக்கு வீடியோப் படம் வேண்டியிருக்கிறது. சிறிய மளிகைக் கடைக்காரர்கூட ஆண்டுக்கு ஒரு படமாவது எடுத்துவிடுகிறார். ஸ்டுடியோக்காரர் தரும் விலைப்புள்ளியில் "புல் எச்டி, 25 எப்.பி.எஸ்., எடிட்டிங், கிரேடிங், மாஸ்டர் 1" என்று எழுதியிருக்கும். நாம் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்து, அதில் இரண்டாயிரம் குறைத்துப் பேசிவிட்டு முன்பணம் கொடுத்து விடுகிறோம். துவரம்பருப்பை உள்ளங்கையில் அள்ளி, ஊதிப் பார்த்து, கல் எத்தனை, சொத்தை எத்தனை என்று எண்ணி வாங்குகிற நாம், இந்தச் சரக்கை மட்டும் பெயர்கூடத் தெரியாமல் வாங்குகிறோம்.

எங்கள் பகுதி மளிகை வணிகர் ஒருவருக்கு நேர்ந்தது இது. நல்ல தொகை கொடுத்து 40 வினாடி விளம்பரம் ஒன்று எடுத்தார். படமும் நன்றாகவே வந்தது. அடுத்த ஆண்டு கிளைக்கடை திறந்தார்; தொலைபேசி எண்ணும் மாறியது. அந்த இரண்டை மட்டும் படத்தில் மாற்றித் தரும்படி கேட்டார். "ரா புட்டேஜை அழித்துவிட்டோம், பிராஜெக்டும் இல்லை, புதிதாகத்தான் எடுக்க வேண்டும்" என்று முழுத்தொகைக்கு மறுபடி விலைப்புள்ளி வந்தது. ஸ்டுடியோக்காரர் சட்டப்படி தவறு செய்தார் என்று சொல்லிவிட முடியாது. விலைப்புள்ளியில் "மாஸ்டர் 1" என்றுதான் இருந்தது. அதை அவர் கொடுத்துவிட்டார்.

ஆகவே முதலில் இந்த மூன்று சொற்கள்.

புட்டேஜ், பிராஜெக்ட், மாஸ்டர்

காமிரா பதிவு செய்தது எதுவோ அது புட்டேஜ். வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே இருப்பதால் ரா புட்டேஜ் என்பார்கள். 40 வினாடிப் படத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரப் புட்டேஜ் எடுப்பது உண்டு. இது கிட்டங்கியில் இருக்கும் சரக்கு.

பிராஜெக்ட் என்பது சரக்கு அல்ல, சீட்டு. "மூன்றாம் அடுக்கில் உள்ள மூட்டையில் இரண்டு கிலோ, ஏழாம் அடுக்கில் அரைக் கிலோ, இந்த வரிசையில் கட்டு" என்று கிட்டங்கி ஆளுக்கு எழுதிக் கொடுக்கிறோம் அல்லவா, அதுபோல எந்தப் பதிவில் எந்த வினாடியிலிருந்து எந்த வினாடி வரை எடுக்க வேண்டும், அதன்மேல் என்ன எழுத்து, எந்த இசை என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் அந்தக் குறிப்பு இடமிருந்து வலமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்கு டைம்லைன் என்று பெயர். சீட்டு மட்டும் கையில் இருந்து கிட்டங்கி காலியாக இருந்தால் பயனில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் "மீடியா ஆப்லைன்" என்று சிவப்புத் திரை வந்து நிற்கும்.

சீட்டுப்படி எல்லாவற்றையும் எடுத்து ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதை ரெண்டர் அல்லது எக்ஸ்போர்ட் என்பார்கள். அந்தப் பொட்டலம்தான் மாஸ்டர். சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக் கல் சிமென்ட் ஆகும். மூட்டையில் வந்த சிமென்ட்டைத் திரும்பக் கல்லாக்க முடியாது. மாஸ்டரும் அப்படியே. படத்தின் மேல் ஒட்டிய தொலைபேசி எண்ணை மாஸ்டரிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுக்க இயலாது. மேலே ஒரு பட்டை போட்டு மறைக்கலாம், அவ்வளவுதான்.

இந்தச் சீட்டு முறை வந்ததே பெரிய மாற்றம். முன்பு திரைப்படத்தில் பிலிமைக் கையால் வெட்டி ஒட்டினார்கள். வீடியோவில் ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்கு வரிசையாக நகல் எடுத்தார்கள். நடுவில் ஐந்து வினாடி கூட்ட வேண்டும் என்றால் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தையும் மறுபடி பதிய வேண்டும். கட்டுப் போட்ட பேரேட்டில் நடுவே ஒரு பக்கம் நுழைப்பதுபோல் அது. தவிர நகலின் நகல், அதன் நகல் என்று போகப் போக நிறம் மங்கும். 1989இல் அமெரிக்காவில் அவிட் என்ற நிறுவனம் கம்ப்யூட்டர் தொகுப்பு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நம் நாட்டில் அவிட் முறையைப் பயன்படுத்திய முதல் படம் என்று சொல்லப்படுவது 1994 பொங்கலுக்கு வந்த கமல்ஹாசனின் மகாநதி. பழையதை லீனியர், புதியதை நான்-லீனியர் என்பர். இன்று நம் ஊர்க் கல்யாண ஸ்டுடியோ வரை இந்த முறைதான். அசல் பதிவைத் தொடாமல் ஆயிரம் முறை திருத்தலாம் என்பதே இதன் பெருமை. அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். ஆனால் மாஸ்டரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

உரிமை யாருக்கு என்ற கேள்வியும் உண்டு. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுக்கப்பட்ட படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டுடியோ தரும் தாளில் பொடி எழுத்தில் மாறான ஒப்பந்தம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆனால் உரிமை நம்முடையது என்பது ஒன்று, கோப்பு நம் பீரோவில் இருப்பது வேறு ஒன்று. "மாஸ்டர், பிராஜெக்ட், ரா புட்டேஜ் மூன்றும் ஹார்ட் டிஸ்க்கில் தரப்படும்" என்ற ஒரு வரியை விலைப்புள்ளியில் எழுதி வாங்குங்கள். அதற்குத் தனியாகக் கொஞ்சம் கேட்டாலும் கொடுக்கலாம். மறுபடி படம் எடுக்கும் செலவோடு பார்த்தால் அது வண்டிச் சத்தம் அளவுக்குக்கூட வராது.

புள்ளிக் கணக்கு

சிவகாசி அச்சகத்துக்குப் போய் வந்தவர்களுக்கு ரெசல்யூஷன் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. காலண்டர் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். வீடியோவும் புள்ளிகளால் ஆனதுதான், பிக்சல் என்பர். அச்சில் நான்கு நிறம், திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறம். அதனால்தான் காலண்டரில் வந்த கடைச் சின்னத்தின் நிறம் திரையில் அச்சு அசலாக வருவதில்லை. காலண்டரையே செல்போனில் படம் பிடித்துச் சின்னம் என்று கொடுத்துவிடாதீர்கள். அச்சுப் புள்ளியும் திரைப் புள்ளியும் மோதி வலை வலையாகத் தெரியும். அச்சகத்தாரிடமே சின்னத்தின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பழைய தொலைக்காட்சிப் படத்துக்கு 720 க்கு 576, அதாவது 4,14,720 புள்ளி. புல் எச்டிக்கு 1920 க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளி. 4கே என்பது அதைப்போல் நான்கு மடங்கு. சிறிய படத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று தருவதும் உண்டு. அதற்கு அப்ஸ்கேல் என்று பெயர். மரக்கால் பெரிதாகிவிடும், நெல் அதே அளவுதான் இருக்கும். கைப்பேசிக்கும் கேபிளுக்கும் புல் எச்டி போதும். 4கே என்று சொல்லிக் கூடுதல் கேட்டால் காமிராவே அதில் பதிவு செய்கிறதா என்று கேளுங்கள்.

அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஆஸ்பெக்ட் ரேஷியோ. பழைய டிவிக்கு 4க்கு 3, இப்போதைய டிவிக்கு 16க்கு 9, கைப்பேசியை நிறுத்திப் பிடித்துப் பார்ப்பவருக்கு 9க்கு 16. ஒன்றை மற்றொன்றாக இழுத்துப் போட்டால் முதலாளி குண்டாகத் தெரிவார், அல்லது நோயாளிபோல் ஒடுங்கித் தெரிவார். இரண்டுக்கும் வேண்டும் என்பதைப் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டால் ஆளை நடுவில் நிறுத்தி, இரு பக்கமும் இடம் விட்டு எடுப்பார்கள்.

டியூப்லைட்டும் பிரேமும்

வீடியோ என்பது அசையாப் படங்களின் வரிசை. ஒரு படம் ஒரு பிரேம். திரைப்படத்தில் வினாடிக்கு 24, நம் நாட்டுத் தொலைக்காட்சியில் 25, செல்போனில் பெரும்பாலும் 30. இதைத்தான் எப்.பி.எஸ். என்று எழுதுகிறார்கள்.

இந்த 25க்கும் நம் கடை விளக்குக்கும் தொடர்பு உண்டு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. சுற்றுக்கு இரண்டு தடவை வீதம் டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மின்னுகிறது. கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். காமிராவின் ஷட்டர் ஒரு பிரேமுக்கு வினாடியில் 50இல் ஒரு பங்கு நேரம் திறந்தால், ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு மின்னல் விழும். வெளிச்சம் சமமாக இருக்கும். 60இல் ஒரு பங்கு என்று வைத்தால் ஒன்றரைக்கு மேல் ஏதோ ஒரு கணக்கில் விழும். படத்தில் கறுப்புப் பட்டை மேலும் கீழுமாக ஓடும். கடைக்குள் எடுத்த பல விளம்பரங்களில் இந்தப் பட்டையைக் காணலாம். எடிட்டிங்கில் சரி செய்துகொள்ளலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அது எடுக்கும்போதே ஒரு திருகில் முடிய வேண்டிய வேலை. விலை மலிவான சில எல்.இ.டி. விளக்குகளிலும் இதே தொல்லை உண்டு.

சரக்கின் நிறம்

ஒயிட் பேலன்ஸ் என்ற சொல்லை மளிகைக்காரர் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். குண்டு பல்பின் ஒளி மஞ்சள், வெயில் நிழலின் ஒளி நீலம். எந்த ஒளியில் எது வெள்ளை என்று காமிராவுக்குக் காட்டிக் கொடுப்பதே ஒயிட் பேலன்ஸ். ஒரு வெள்ளைத் தாளைக் காட்டினாலே போதும். அதைச் செய்யாவிட்டால் புது உளுந்து பழைய சரக்குபோல் மஞ்சள் பூத்துத் தெரியும், சீனி வெல்லச் சாயலில் தெரியும். வாங்க வந்தவர் அப்படித்தான் நினைப்பார்.

எடுத்த பின் நிறத்தைச் சமன் செய்வது கலர் கரெக்ஷன். அழகுக்காக நிறத்தை மாற்றுவது கிரேடிங். முதலாவது அவசியம். இரண்டாவதில் கை நிதானம் வேண்டும். வத்தலின் சிவப்பையும் மஞ்சள் தூளையும் ஏற்றி ஏற்றி, கடையில் உள்ள சரக்குக்குச் சம்பந்தம் இல்லாத நிறத்தில் காட்டுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை நிறுத்தவோ மாற்றவோ வணிகருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். உற்பத்தியாளருக்கும், விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுமுறை செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். பிறர் தயாரித்த பொருளில் தம் பெயரைப் போடுகிறவரும் அச்சட்டத்தில் உற்பத்தியாளரே. சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்கிற நம் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோடெக், பிட் ரேட்

இதுதான் பலருக்கும் விளங்காத பகுதி. ஆனால் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இதில் கஷ்டமே இல்லை.

புல் எச்டி பிரேம் ஒன்றில் 20,73,600 புள்ளி. புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு ஒரு பைட். ஆக பிரேமுக்கு 62 லட்சம் பைட். வினாடிக்கு 25 பிரேம் என்றால் 15 கோடியே 55 லட்சம் பைட், அதாவது 155 மெகாபைட். அரை நிமிட விளம்பரத்துக்கு 4,600 மெகாபைட்டுக்கு மேல். இதை யாருக்கு அனுப்ப முடியும்? ஆகவே சுருக்குகிறார்கள். சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எச்.264, எச்.265 என்பவை அதில் வழக்கமானவை.

எப்படிச் சுருக்குகிறார்கள்? நாம் தினமும் கிட்டங்கிச் சரக்கை முழுக்க எடை போடுவதில்லை. ஒருநாள் முழு இருப்பு எடுக்கிறோம். பிறகு அன்றன்று வந்தது, போனது மட்டும் எழுதுகிறோம். கோடெக்கும் ஒரு பிரேமை முழுதாக எழுதும். அடுத்தடுத்த பிரேம்களில் என்ன மாறியதோ அதை மட்டும் எழுதும். சில வினாடி கழித்து மறுபடி ஒரு முழு இருப்பு. நடுவில் ஒரு சிட்டை தொலைந்தால் அடுத்த முழு இருப்பு வரை கணக்கு இடறும் அல்லவா? கேபிள் டிவியில் திடீரென்று முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, சற்று நேரத்தில் தானாகச் சரியாவது இதனால்தான்.

வினாடிக்கு எவ்வளவு எழுத இடம் கொடுக்கிறோம் என்பது பிட் ரேட். 8 பிட் ஒரு பைட் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வினாடிக்கு 10 மெகாபிட் என்றால் 30 வினாடிக்கு 300 மெகாபிட். எட்டால் வகுத்தால் 37.5 மெகாபைட். 4,600 எங்கே, 37 எங்கே! இருந்தும் கண்ணுக்கு வித்தியாசம் அதிகம் தெரிவதில்லை. காரணம், கடைக் கல்லாவில் முதலாளி உட்கார்ந்து பேசுகிற காட்சியில் வாயும் கையும் தவிர எதுவும் அசைவதில்லை. சிட்டையில் எழுத இரண்டு வரிதான்.

நம் வட்டாரத்துக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை. பட்டாசு. புஸ்வாணம் பூக்கும்போது ஆயிரக்கணக்கான பொறியும் பிரேமுக்குப் பிரேம் இடம் மாறுகிறது. முன் பிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. சிட்டை முழுக்க எழுதினாலும் இடம் போதாது. கொடுத்த பிட் ரேட்டுக்குள் அடக்கப் பார்த்துக் கோடெக் படத்தைச் சதுரம் சதுரமாக உடைத்துவிடும். ஸ்டுடியோவில் பளிச்சென்று பார்த்த மத்தாப்பு வாட்ஸ்அப்பில் வந்ததும் தண்ணீர் தெளித்த கோலம்போல் ஆவதன் ரகசியம் இது. பட்டாசு வணிகர்கள் பிட் ரேட்டை இரண்டு மூன்று மடங்கு கூட்டி மாஸ்டர் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோ என்று அனுப்பினால் அது தானே ஒரு தடவை சுருக்கும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். இன்னொன்று: இருட்டில் காமிராவைத் தானியங்கியில் விட்டால் வானவேடிக்கையின் பச்சையும் சிவப்பும் வெளுத்துவிடும். ஒளியளவை, அதாவது எக்ஸ்போஷரை, கையால் குறைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

எழுத்தும் ஒலியும்

படத்தின் மேல் வரும் எழுத்தைச் சூப்பர் என்பார்கள். திரையின் கீழ்ப்பகுதியில் வரும் பெயர்ப் பட்டை லோயர் தேர்ட். நம்மவர்களுக்கு நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து மிகவும் பிடிக்கும். சுருக்கும்போது கோடெக் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாக்கிவிடும். வெளிச்சத்தில் அதிக வேறுபாடு இல்லாத சிவப்பும் நீலமும் அதனால் ஒன்றுக்குள் ஒன்று கசியும். கறுப்பில் மஞ்சளோ, அடர்நீலத்தில் வெள்ளையோ தெளிவாக நிற்கும்.

"நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று ஓரத்தில் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் போடும் பழக்கம் இனி ஆகாது. 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிப்படி, சலுகையை எந்த மொழியில் எந்த எழுத்துருவில் சொல்கிறோமோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனையும் வர வேண்டும். குரலில் சொன்னால் அந்தக் குரலோடு சேர்ந்து அதே வேகத்தில் திரையில் வர வேண்டும். பட்டாசுக் கடைக்காரர்கள் "ஆன்லைனில் ஆர்டர் செய்யலாம்" என்று சூப்பர் போடுவதற்கு முன், இணையதள நிறுவனங்கள் பட்டாசு ஆர்டர் பெற்று விற்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

படத்துக்கு வெளியிலிருந்து வரும் குரல் வாய்ஸ் ஓவர். வாயசைவுக்கு ஏற்பப் பின்னர் பதிவது டப்பிங். இரண்டும் பொருந்தி நின்றால் சிங்க் சரி என்பார்கள். பின்னணி இசைக்குச் சினிமாப் பாட்டைப் போட்டுத் தருகிறேன் என்றால் உடனே மறுத்துவிடுங்கள். பாட்டுக்கு உரிமையாளர் வேறு. கேட்டு வருகிறவர் ஸ்டுடியோவைத் தேடமாட்டார், கடைப் பெயரைத்தான் தேடி வருவார்.

காட்சிக்குக் காட்சி நேரடியாக மாறுவது கட். ஒன்று கரைந்து மற்றொன்று வருவது டிசால்வ். இருண்டு மறைவது பேட் அவுட். பூ விரிவதுபோலவும் பக்கம் புரள்வதுபோலவும் மாறுவது வைப் வகை. விளம்பரத்துக்குக் கட் ஒன்றே போதும் என்பது என் எண்ணம். மற்றவை கல்யாண வீடியோவுக்கு இருக்கட்டும். 1978இல் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கிய வசந்தகுமார் சிரித்த முகத்துடன் தாமே விளம்பரத்தில் நின்று ஊர் முழுக்கத் தெரிந்தவரானார். அந்த முகத்துக்குப் பூ விரிய வேண்டிய அவசியம் என்ன இருந்தது?

பச்சைத் திரைக்கு முன் நிறுத்தி எடுத்து, பச்சையை மட்டும் நீக்கிவிட்டு வேறு பின்னணி சேர்ப்பது குரோமா கீ. இதில் மளிகைக்காரருக்கு ஓர் எச்சரிக்கை. பாசிப்பயறு, வாழையிலை, பச்சை பாக்கெட் எதுவும் பச்சைத் திரைக்கு முன் வரக் கூடாது. திரையோடு சேர்ந்து அவையும் மறைந்து, வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்பீர்கள். அப்போது நீலத் திரை கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்து கோப்புகளை வாங்கும்போது ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து, அவர்கள் கம்ப்யூட்டரில் அல்லாமல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பிராஜெக்டைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சிவப்புத் திரை வராமல் எல்லாப் பதிவும் ஓடினால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். பிறகு இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். டிஸ்க்கின் மேல் தேதியையும் விளம்பரத்தின் பெயரையும் ஒட்டி, புதுக்கணக்குப் போடும் நாளில் ஒரு தடவை செருகி ஓட்டிப் பார்த்துக்கொண்டால் போதும்.